ஓர் இசைக்குழுவின் பழந்தொகுதிகளைக் கற்கும் முறை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அடுக்களைக்கு அஃது ஒக்கும். கலைஞரது வாழ்நாட்பணியை அளத்தற்கு ஒவ்வாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இசை படைத்துவரும் ஒரு குழுவை, பெயர்பெற்ற ஒரு பாட்டைக் கேட்ட அளவில் அறிந்துவிட்டதாக எண்ணுதல், ஆற்றை ஒரு துறையிற் கண்டு அதன் தலையும் கடைமுகமும் அறிந்தேன் என்பதைப் போன்றதாம். புலவர் ஒருவருடைய நூல்களை முதலிலிருந்து முறையே கற்பது போல, இசைக்குழுவின் தொகுதிகளையும் முறையே கேட்டல் வேண்டும். தில்லி நகரத்து ‘இந்தியன் ஓஷன்’ என்னும் குழுவைச் சான்றாகக் கொண்டு அம்முறையை ஈண்டு ஆராய்வோம். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலிருந்து கல்வி நாடி வரும் மாணவர்க்குத் தில்லிக் குழுவொன்றால் ஆவதென்னை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்குரிய விடை கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

குழுவின் தோற்றம்

ராக் இசையாவது, மின்விசையால் ஒலிபெருக்கிய கிதாரையும் டிரம்ஸ் என்னும் முழவுத் தொகுதியையும் அடிப்படையாகக் கொண்டு மேனாட்டில் எழுந்தது. வாணிப வழக்குக்குக் கட்டுப்படாது தமக்கெனத் தனிநெறி வகுத்துச் செல்வோரை மாற்று ராக் இசையார் என்பர். இந்தியன் ஓஷன் குழுவினரோ மேனாட்டு நெறியையும் அப்படியே மேற்கொள்ளாது, தபேலாவையும், நாட்டுப்புற மெட்டையும், இந்திய மொழிகளையும் அதனுட் புகுத்தியவர்கள். 1990-ஆம் ஆண்டில் கிதார் வாசிப்பவராகிய சுஸ்மித் சென்னும், தபேலா வாசித்துக்கொண்டே பாட வல்லவராகிய அசீம் சக்கரவர்த்தியும் இதனைத் தொடங்கினர். 1991-இல் ராகுல் ராம் பேஸ் கிதாருடன் வந்து சேர்ந்தார். 1994-இல் அமித் கிலம் டிரம்ஸ் வாசிக்க வந்தார். இந்நால்வர் கூட்டு 2009 வரையில் நிலைபெற்றிருந்தது.

தொகுதிகளின் வரிசை

குழுவின் பெயரையே தாங்கிய முதல் தொகுதி 1993-இல் வெளிவந்தது. இதில் கருவியிசையே மேலோங்கி நிற்கும். 1997-இல் வந்த ‘டெஸர்ட் ரெயின்’ அவையோர் முன்னிலையில் வாசித்ததைப் பதிவுசெய்தது. 2000-இல் வெளிவந்த ‘கந்தீஸா’ இவர்களுக்கு நாடெங்கும் புகழ் தேடித் தந்தது. பின்னர் 2003-இல் ‘ஜீனி’ வந்தது. மேனியை நுண்ணிய நெசவுத் துணியாக உருவகித்துக் கபீர்தாசர் பாடிய பாட்டினால் அத்தொகுதி அப்பெயர் பெற்றது. அனுராக் காஷ்யப் இயக்கிய ‘பிளாக் ஃப்ரைடே’ திரைப்படத்துக்கும் இவர்கள் இசையமைத்தனர். 1993-ஆம் ஆண்டின் பம்பாய்க் குண்டுவெடிப்புகளைப் பற்றிய அப்படம் நீதிமன்றத் தடையால் நின்று 2007-இல் திரைக்கு வந்தது. பாட்டுகளோ அதற்கு முன்பே மக்கள் செவியை எட்டிவிட்டன. 2010-இல் ‘16/330 கஜூர் ரோடு’ என்னும் தொகுதியை மாதம் ஒரு பாட்டாக இணையத்தின் வழியே விலையின்றி வழங்கினர். கரோல்பாக்கில் அவர்கள் பன்னாள் பயிற்சி செய்த வீட்டின் முகவரியே அதன் பெயராயிற்று. 2014-இல் ‘தந்தானு’வும், 2023-இல் ‘தூ ஹை’யும் வெளிவந்தன. ‘தந்தானு’வில் சங்கர் மகாதேவன், சுபா முத்கல் ஆகியோருடன், நம் நாட்டு வயலின் வித்துவான் குமரேஷும், கஞ்சிரா வித்துவான் செல்வகணேஷும் கலந்துகொண்டமை தமிழர்க்கு மகிழ்ச்சி தருவது.

கேட்கும் நெறி மூன்று

முதலாவது, ஆண்டு முறையே கேட்டல். புகழ்பெற்ற ‘கந்தீஸா’விலிருந்து தொடங்குவோர், முதல் தொகுதியிற் பாட்டு அருகியிருப்பது கண்டு ஏமாற்றமடைவர். வரிசையாகக் கேட்பவரோ, கருவிகள் தம்முள் உரையாடக் கற்ற பின்னரே குரல் வந்து அமர்ந்தது என்பதை உணர்வர். பிற்காலத்துப் பாட்டுகளிற் குரல் ஓய்ந்து கிதார் நெடிது பேசும் இடங்கள், அம்முதற் காலத்தின் வித்தினின்று முளைத்தவையே.

இரண்டாவது, சொல்லின் ஊற்றை நாடுதல். ‘கந்தீஸா’ என்ற பாட்டு கேரள நாட்டுச் சுரியானிக் கிறிஸ்தவரது பழைய வழிபாட்டுத் துதியாம். சுரியானி, இயேசுநாதர் பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை. அம்மொழியில் அச்சொல் ‘தூயவர்’ எனப் பொருள்படும். அதே தொகுதியிலுள்ள ‘மா ரேவா’ நருமதை ஆற்றைத் தாயென விளிக்கும் நாட்டுப்பாட்டு; ரேவா என்பது நருமதையின் மறுபெயர். ராகுல் ராம் அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அணையால் நிலமிழக்கவிருந்த மக்களுக்காக நருமதைப் பள்ளத்தாக்கில் நடந்த இயக்கத்தில் அவர் உழைத்தார். அம்மக்களிடை வழங்கிய பாட்டு அவர் வழியே குழுவுக்குக் கிடைத்தது. ‘ஹில்லே லே’ என்பது போஜ்புரி வழக்கில் கோரக் பாண்டே இயற்றியது. இங்ஙனம் ஒரே தொகுதியில் ஆலயமும், ஆற்றங்கரையும், உழவர் கூட்டமும் அருகருகே நிற்கின்றன. பொருளறியாது கேட்டவர்க்கு இனிமை ஒன்றே கிட்டும். ஊற்றறிந்து கேட்டவர்க்கு நாட்டின் ஒரு பகுதியே காட்சியளிக்கும்.

மூன்றாவது, ஆட்கள் மாறுமிடத்து எது மாறியது, எது நிலைத்தது என ஆராய்தல். 2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அசீம் சக்கரவர்த்தி காலமானார். துஹீன் சக்கரவர்த்தி தபேலாவையும், ஹிமான்ஷு ஜோஷி பாட்டையும் ஏற்றனர். 2013-இல் சுஸ்மித் சென் விலகவே, நிகில் ராவ் கிதார் ஏந்தினார். ஒருவர் செய்ததை இருவர் பகிர்ந்தமையால், தாளமும் குரலும் ஒரே மூச்சில் எழுந்த பழைய தன்மை குறைந்தது; பாட்டின் வீச்சு விரிந்தது. குழுவின் உயிர் எந்தத் தனி ஒருவரிடத்தும் அடங்கியிருக்கவில்லை என்பதையும், ஒருவர் நீங்கிய இடம் முழுதும் நிரம்புவதில்லை என்பதையும் ஒருங்கே கற்பிப்பன இத்தொகுதிகள்.

நாம் கற்பது யாது?

அசீம் மறைந்த பின்னர் வெளிவந்த ‘16/330 கஜூர் ரோடு’ தொகுதியில் அவரது குரல் ஒலிக்கின்றது. முன்னரே பதிவுசெய்திருந்தமையால் அன்றோ அது நமக்குக் கிட்டியது? இனி நம் மலையை நோக்குவோம். கல்வராயன் மலையின் மலையாளி மக்களிடையே, தாலாட்டும், ஒப்பாரியும், சாமை தினை விளையும் காட்டு வேலைப் பாட்டும், சாமி கும்பிடும்போது பாடும் பாட்டும் முதியோர் நெஞ்சில் வாழ்கின்றன. அவர்க்குத் தொகுதியும் இல்லை; ஆண்டுவரிசையும் இல்லை. ஒரு பாட்டி மறையுங்கால் எத்துணைப் பாட்டு உடன் மறைகின்றது என்று கணக்கிடுவார் யார்? நருமதைக் கரையின் பாட்டொன்றைக் கற்றவர் செவிகொடுத்துக் கேட்டமையால் அது நாடறிந்ததாயிற்று. கந்தீஸாவும் நருமதைத் துதியும் அடைந்த மதிப்பை வெள்ளிமலைப் பாட்டு அடையத் தகாதென்று சொல்ல ஒரு காரணமும் காணோம்.

ஆதலின் மாணவ நண்பர்களே, விடுமுறையில் இத்தொகுதிகளை ஆண்டு முறையே கேளுங்கள். பாட்டின் ஊற்று எதுவென உசாவுங்கள். அப்பயிற்சியால் கூர்மையுற்ற செவியோடு உங்கள் இல்லத்து முதியோரை அணுகுங்கள். கைப்பேசியே பதிவுக் கருவியாய் உதவும். பாடியவர் இசைவு பெற்று, பாட்டோடு ஊர், நாள், பாடும் சமயம், வழக்குச் சொற்களின் பொருள் ஆகியவற்றையும் ஓர் ஏட்டிற் குறித்து வையுங்கள். பாடியவரிடமே அதனை மீண்டும் வாசித்துக் காட்டிப் பிழை திருத்துங்கள். பழந்தொகுதிகளைக் கற்பது பிறர் சேர்த்த செல்வத்தைத் துய்ப்பது. இப்பணியோ பின்வருவோர்க்குச் செல்வம் சேர்ப்பது. இரண்டும் ஒரே கல்வியின் இரு பகுதிகள். முதற்பகுதிக்குக் காலம் காத்திருக்கும், இரண்டாவதற்குக் காத்திராது.