முகம் காட்டாத நடிகர் குன்னர் ஹான்சன்

முன்னுரை

சென்ற ஆண்டு எங்கள் துறை நாடகத்தில் எனக்குக் கிடைத்தது அரக்கன் வேடம். வசனம் ஒன்றும் இல்லை. தலையை முழுவதும் மூடிய காகிதக்கூழ் முகமூடி ஒன்று உண்டு. நாடகம் முடிந்து வெளியே வந்ததும் என் அம்மா, "எல்லாம் நல்லா இருந்ததுப்பா, நீ எந்த இடத்துல வந்தே?" என்று கேட்டார். அன்று எனக்கு உண்டான வருத்தம் சிறிதன்று. முகம் தெரியாமல் நடிப்பதும் ஒரு நடிப்பா என்னும் ஐயம் அன்று தொட்டு என்னை விட்டு அகலவில்லை. அதற்கு விடை தேடியபொழுதுதான் அமெரிக்கத் திகில் பட நடிகர் குன்னர் ஹான்சனின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. நான் அறிந்தவற்றை மாணவ நண்பர்கள் முன்பும் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஹான்சன் 1947ஆம் ஆண்டு ஐஸ்லாந்து நாட்டின் தலைநகராகிய ரெய்க்யவிக்கில் பிறந்தார். ஐந்தாம் வயதில் குடும்பத்துடன் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து, முதலில் மேய்ன் மாநிலத்திலும் பின்னர் டெக்சஸ் மாநிலத்திலும் வளர்ந்தார். ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் கணிதமும் பயின்றார். மேற்படிப்பில் ஸ்காண்டிநேவிய இயலையும் கற்றார். நம்மைப் போல் புத்தகங்களோடு பழகிய ஒரு மாணவரே பின்னாளில் உலகம் அஞ்சிய கொலைகாரன் வேடத்தை ஏற்றார் என்பது வியப்பிற்குரியது.

1973ஆம் ஆண்டின் கோடையில் டோபி ஹூப்பர் என்னும் இளம் இயக்குநர், கிம் ஹென்கல் என்பவரோடு சேர்ந்து எழுதிய கதையைப் படமாக்க முற்பட்டார். அதில் லெதர்ஃபேஸ் என்றொரு பாத்திரம் வருகிறது. மனிதத் தோலால் தைத்த முகமூடி அணிந்து, மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்துபவன் அவன். அவனைத் தோல்முகன் என்று தமிழில் கூறலாம். 6 அடி 4 அங்குல உயரமுள்ள ஹான்சனை அவ்வேடத்திற்காக அழைத்துப் பேசினார்கள். நீ முரடனா, பித்துப் பிடித்தவனா என்று கேட்டதற்கு இல்லை என்றும், அப்படி நடிக்க முடியுமா என்றதற்கு முடியும் என்றும் விடையளித்ததாக அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார்.

முகமூடிக்குள் நடிப்பு

படம் முழுவதிலும் தோல்முகன் பேசுவதில்லை. வெறும் உறுமலும் கிறீச்சிடலுமே உண்டு. முகமும் இல்லை, மொழியும் இல்லை என்றால் நடிகனிடம் எஞ்சி நிற்பது உடல் ஒன்றே. அந்த உடலுக்கு ஒரு நடையையும் அசைவையும் தேடி, மனவளர்ச்சி குன்றிய மாணவர்கள் பயிலும் பள்ளி ஒன்றிற்குச் சென்று அவர் கூர்ந்து கவனித்தார். படத்தில் மூன்று முகமூடிகள் மாறி மாறி வருகின்றன. முகமூடிக்குப் பின்னால் தனக்கென ஒரு முகம் இல்லாதவன் அப்பாத்திரம். ஆகவே எந்த முகமூடியை அணிகிறானோ அதுவாகவே ஆகிவிடுகிறான். இக்கருத்தே ஹான்சனின் நடிப்பிற்கு அடிப்படை.

படப்பிடிப்போ பெருந்துன்பமாக இருந்தது. வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியது. அவருக்கு இருந்தது ஒரே சட்டை. துவைத்தால் சாயம் போய்விடும் என்று நான்கு வாரத்திற்கு மேலாகத் துவைக்காமலே அணிந்தார். நாற்றம் தாங்காமல் உடன் நடித்தவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண அஞ்சினர். இரவு உணவுக் காட்சியை ஏறத்தாழ 26 மணி நேரம் தொடர்ந்து எடுத்தார்கள். கதாநாயகியாக நடித்த மரிலின் பர்ன்ஸின் விரலைக் கத்தியால் கீறுவதாக ஒரு காட்சி. போலி இரத்தம் வரவேண்டிய குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. களைப்பின் உச்சத்தில் ஹான்சன் கத்தியின் மேல் ஒட்டியிருந்த காப்பு நாடாவை அகற்றிவிட்டு உண்மையாகவே கீறிவிட்டார். அவர் இதனை மறைக்காமல் ஒப்புக்கொண்டவர் எனினும், வேடம் மனிதனை விழுங்கப் பார்த்த தருணம் அது என்றே நான் கருதுகிறேன். கலைக்காக என்று சொல்லி அச்செயலை நியாயப்படுத்த இயலாது.

புகழ் வந்தது, பணம் வரவில்லை

"தி டெக்சஸ் செயின் சா மாசகர்" என்னும் அப்படம் 1974 அக்டோபரில் வெளிவந்தது. பெயரைக் கேட்டு இரத்த ஆறு ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. வெட்டுவதைக் காட்டுவதைவிடக் காட்டாமல் விட்டே அச்சமூட்டுகிறது அப்படம். ஆயினும் பிரிட்டனில் 1999 வரை அதற்கு முறையான தணிக்கைச் சான்று கிட்டவில்லை. மறுபுறம், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதன் பிரதியைத் தன் நிலையான தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

ஒன்றரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலர் அளவில் வசூலித்தது என்பர். நடித்தவர்களுக்கோ உழைத்தவர்களுக்கோ அதனால் விளைந்தது மிகக் குறைவு. கையில் பணம் இல்லாத தயாரிப்பாளர்கள் ஊதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறியிருந்தனர். ஆனால் படத்தின் பாதி உரிமை ஏற்கெனவே முதலீட்டாளர்களிடம் போய்விட்டது. எஞ்சிய பாதியில்தான் தங்கள் பங்கு என்பது நடிகர்களுக்குப் பிறகே தெரிந்தது. விநியோகித்தவர்களும் ஒழுங்காகக் கணக்குக் காட்டவில்லை. பங்கில் பங்கு, அதிலும் பங்கு என்று கழித்துக் கழித்து வந்தது சில்லறையே.

விலகலும் திரும்புதலும்

இதன் பின் ஹான்சன் திரைப்படத்தை நம்பி வாழவில்லை. மேய்ன் மாநிலத்திற்குச் சென்று எழுத்தையே தொழிலாகக் கொண்டார். 1977இல் வெளிவந்த "தி ஹில்ஸ் ஹாவ் ஐஸ்" படத்தில் நடிக்க அழைத்தபோதும் மறுத்துவிட்டார். அமெரிக்காவின் கடலோரத் தடுப்புத் தீவுகளில் பயணம் செய்து அவர் எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. இடையே, 1988இல் ஒரு படத்தின் வழியாகத் திகில் உலகிற்கு மீண்டிருந்தார்.

ஓர் உண்மையை இங்கு உற்று நோக்க வேண்டும். தோல்முகன் வேடத்தை 1986இல் வேறொருவரும் 1990இல் மற்றொருவரும் ஏற்றனர். முகமூடியை யார் வேண்டுமானாலும் அணியலாம் அல்லவா? எனினும் ரசிகர்கள் தேடி வந்தது முதல்வரையே. அந்த ஓட்டமும், இறுதிக் காட்சியில் விடியற்காலைச் சூரியனுக்கு முன் ரம்பத்தைச் சுழற்றிய அந்த வெறியாட்டமும் அவருடையவை. முகம் மறைந்தாலும் நடிப்பு மறையவில்லை.

மாநாட்டு மேசை

அமெரிக்காவில் 1980களிலிருந்து திகில் பட ரசிகர் மாநாடுகள் பெருகின. வார இறுதியில் பெரிய ஓட்டல் மண்டபங்களில் இவை கூடும். ஆளுக்கொரு மேசை, மேசை மீது அடுக்கிய புகைப்படங்கள், எதிரே நீண்ட வரிசை. ரசிகர் கட்டணம் செலுத்திப் படத்தில் கையெழுத்துப் பெறுவார், கை குலுக்குவார், உடன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார். சுவரொட்டியும் முகமூடியும் மட்டுமன்றி ரம்பத்தையே கையெழுத்துக்காகத் தூக்கி வருவோரும் உண்டு. இலாபப் பங்கு கிட்டாத நடிகர்களுக்கு இம்மேசை, காலந்தாழ்ந்து வந்த கூலி எனலாம்.

இது பழைய புகழை விற்றுப் பிழைப்பதல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அவ்வாறே முதலில் எண்ணினேன். பின்னர் வேறொன்று புலப்பட்டது. படத்தில் அவர் முகத்தை எவரும் கண்டதில்லை. வெண்தாடியும் மென்மையான பேச்சும் கொண்ட அந்தப் பெரியவரை, இவர்தாம் அவர் என்று மக்கள் கண்டுகொண்ட இடம் அந்த மேசையே. கதை உண்மையில் நடந்ததா என்ற கேள்வி தவறாமல் வரும். விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பிடிபட்ட எட் கீன் என்பவனின் குற்றங்களிலிருந்து சிறு பொறி மட்டுமே எடுக்கப்பட்டது. டெக்சஸில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்த விளக்கத்தை அவர் ஆண்டுக்கணக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

2009இல் ஐஸ்லாந்தில் எடுத்த திகில் படம் ஒன்றில் கப்பல் தலைவராக, முகமூடியின்றித் தம் பிறந்த நாட்டிலேயே நடித்தார். 2013இல் அந்தப் பழைய படம் உருவான வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார். 2015 நவம்பர் 7ஆம் நாள் கணையப் புற்றுநோயால் தம் 68ஆம் வயதில் மேய்ன் இல்லத்தில் காலமானார்.

முடிவுரை

உலகம் தம்மை ஒரே ஒரு வேடத்தால் மட்டும் அறிந்துள்ளது என்று கண்ட ஹான்சன், அவ்வேடத்தைப் பழிக்கவுமில்லை; அதற்குள் அடைந்து கிடக்கவுமில்லை. தமக்குரிய எழுத்தை எழுதிக்கொண்டே, தேடி வந்தவர்க்கு முகம் கொடுத்தார். நாம் செய்யும் வேலையில் நம் பெயர் தெரியாமல் போகலாம். அதற்காக வேலையைக் குறைத்துச் செய்யலாகாது. இதுவே நான் கற்ற பாடம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கும்முன் அம்மாவிடம், அரக்கனாக வந்தது நான்தான் என்றேன். "ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தானே, அவனா? அவனைப் பார்த்து எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுதுடா" என்றார். அந்த நடைக்காக நான் பதினைந்து நாள் மொட்டை மாடியில் பயின்றிருந்தேன். என் ஐயம் அன்றே தீர்ந்தது.