காந்தத்துக்குள்ளே நம்ம ஊர் மண்



ஒரு சின்னச் சோதனையோட ஆரம்பிக்கலாம். கைப்பேசியைச் சத்தமில்லாம அதிரும்படி வெச்சு மேசை மேல போடுங்க. பக்கத்துல இருக்கறவரை உங்க எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்க. அது 'டர்ர்'னு நடுங்குதே, உள்ளே ஒரு குட்டி மோட்டார் இருக்கு. அதுக்குள்ளே ஒரு குட்டிக் காந்தம். இந்தப் பாடம் அந்தக் காந்தத்தைப் பற்றித்தான்.

இதே வகைக் காந்தம் மின்சாரக் காரின் மோட்டாரில் ஒன்றிரண்டு கிலோ இருக்கும். கடலில் நிற்கும் பெரிய காற்றாலைகளில், பல்சக்கரம் இல்லாமல் நேரடியாகச் சுழலும் வகைக்கு, ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ தேவைப்படும். புகையில்லாத உலகத்துக்கு இந்தக் காந்தம் ரொம்ப முக்கியம். இது எங்கிருந்து வருது என்று தேடிப் போனால், நம்ம பேராக் மண்ணுக்கும் வந்து சேருவோம்.

1. காந்தத்தில் என்ன இருக்கு?

1983-ல் ஜப்பானில் மசாத்தோ சகாவா, அமெரிக்காவில் ஜான் குரோட் இருவரும் தனித்தனியே ஒரே கலவையை அறிவித்தார்கள்: நியோடிமியம், இரும்பு, போரான். எடையில் பெரும்பகுதி இரும்புதான். நியோடிமியம் கிட்டத்தட்ட 30 விழுக்காடு, போரான் ஒரு விழுக்காடு. காந்த வலிமை பெரும்பாலும் இரும்பிலிருந்து வருகிறது. ஆனால் வெறும் இரும்பு அந்த வலிமையைச் சீக்கிரம் விட்டுவிடும். நியோடிமியம் சேரும்போது உருவாகும் படிக அமைப்பு, காந்தத்தின் திசை மாறாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இதுக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு ஆகாது. மோட்டார் ஓட ஓடக் கொதிக்கும். அப்போ அந்தப் பிடி தளரும். அதைத் தடுக்க டிஸ்புரோசியம் என்ற இன்னொரு உலோகத்தைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். இது நியோடிமியத்தைவிடப் பல மடங்கு விலை அதிகம்.

இவை இரண்டும் 'அரிய மண் தனிமங்கள்' என்ற 17 பேர் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாயில் 'நாடிர் பூமி' என்பார்கள். பேர்தான் அரிய மண். பூமியின் மேலோட்டில் வெள்ளீயத்தைவிட நியோடிமியம் அதிகமாகவே இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், குடும்பத்தில் எல்லாரும் ஒரே கல்லில் ஒட்டிக்கொண்டு இருப்பார்கள். பிரிப்பதுதான் பெரும்பாடு.

2. முறத்தில் புடைப்பது போல

பத்து காஜா, கம்பார் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வழியெல்லாம் பழைய ஈய லம்பத்துக் குட்டைகள். நம்ம பாட்டிமார் முறத்தில் அரிசி புடைக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? உமி பறந்துவிடும், அரிசி நிற்கும். ஈய லம்பத்திலும் கொள்கை அதேதான். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர். லேசான மணல் அடித்துக்கொண்டு போகும், கனமான ஈயத்தாது அடியில் தங்கும்.

ஆனால் ஈயத்தோடு வேறு சில கனமான மணலும் தங்கிவிடும். அதற்குப் பெயர் 'அமாங்'. இந்தக் கறுப்பு மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட், செனோடைம் எல்லாம் கலந்து இருக்கும். எடையால் இவற்றைப் பிரிக்க முடியாது, அதனால் அடுத்த வித்தை காந்தம். இல்மனைட் காந்தத்தில் நன்றாக ஒட்டும், மோனசைட் லேசாக ஒட்டும், சிர்கான் ஒட்டவே ஒட்டாது. மிச்சத்தை மின்னழுத்தம் கொடுத்துப் பிரிப்பார்கள். மோனசைட்டிலும் செனோடைமிலும்தான் நம்ம அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன.

இதோடு முடியவில்லை. மோனசைட்டை அமிலத்திலோ காரத்திலோ வேகவைத்துக் கரைக்க வேண்டும். அந்தக் கரைசலை மண்ணெண்ணெய் போன்ற ஒரு திரவத்தோடு கலக்கிக் கலக்கி, ஒவ்வொரு உலோகமாக எண்ணெய்ப் பக்கம் இழுக்க வேண்டும். நியோடிமியத்துக்கும் அதன் பக்கத்து வீட்டுக்காரரான பிரசியோடிமியத்துக்கும் குணத்தில் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். ஒரு தடவை கலக்கினால் போதாது. நூற்றுக்கணக்கான தொட்டிகளில் வரிசையாகச் செய்ய வேண்டும். உலகத்தில் இந்தப் பிரிப்பு வேலையில் சுமார் 90 விழுக்காடு சீனாவில் நடக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், வெளிநாட்டில் சில கார் ஆலைகள் கொஞ்ச நாள் உற்பத்தியை நிறுத்த வேண்டிவந்தது.

3. கூடவே வரும் தோரியம்

மோனசைட்டுக்குள் இன்னொரு ஆளும் ஒளிந்திருக்கிறது: கதிர்வீச்சு உள்ள தோரியம். அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அந்த மணல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கிறது. அப்போது உலகம் தேடியது தோரியத்தைத்தான். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கேஸ் விளக்கு எரியுமே, அதில் கட்டும் வெள்ளை வலை தோரியத்தால் செய்தது. அரிய மண் தனிமங்கள் அப்போது மிச்சக் கழிவு. சிகரெட் லைட்டரின் தீக்கல்லுக்குத்தான் போயின. இன்றைக்கு நிலைமை தலைகீழ். காந்தத்துக்கு உரியது பொருள், தோரியம் கழிவு.

4. புக்கிட் மேரா

நான் பொருள் அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னதும் சுங்கை சிப்புட்டில் ஒரு பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "புக்கிட் மேரா மாதிரி வேலையா தம்பி?"

எனக்கு அப்போ பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். ஈப்போவுக்குப் பக்கத்தில், லாஹாட் வட்டாரத்தில், 1982-ல் ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு அதில் பங்கு இருந்தது. அமாங்கிலிருந்து அரிய மண்ணைப் பிரிப்பது அதன் வேலை. தோரியக் கழிவைப் பாப்பான் அருகே கொட்டத் திட்டமிட்டபோது 1984-ல் அந்த ஊர் மக்கள் மறியல் செய்தார்கள். 1985-ல் புக்கிட் மேரா மக்கள் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருகிறது, ஆலைதான் காரணம் என்றார்கள், நிறுவனம் மறுத்தது. 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994 ஜனவரியில் நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது. கழிவெல்லாம் கிளெடாங் மலைப்பகுதியில் கட்டிய கிடங்கில் புதைக்கப்பட்டது. சுத்தம் செய்யும் செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011-ல் செய்தி வந்தது.

பொறியியல் மாணவனாக எனக்கு இதில் தெரியும் பாடம் இதுதான்: பொருளைப் பிரிக்கும் வழியைக் கவனமாகத் திட்டமிட்ட அளவுக்கு, கழிவு எங்கே போகும் என்பதைத் திட்டமிடவில்லை. இடம் பிறகு தேடினார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே மனிதர்கள் குடியிருந்தார்கள்.

5. இப்போ என்ன நடக்குது?

கதை முடிந்துவிடவில்லை. 2012 முதல் பகாங் கெபெங்கில் லைனஸ் ஆலை ஆஸ்திரேலியத் தாதுவைப் பிரிக்கிறது. 2025 மே மாதம் அங்கே டிஸ்புரோசியம் ஆக்சைடும் தயாரானது. 2024 முதல் பதப்படுத்தாத அரிய மண்ணை ஏற்றுமதி செய்ய மலேசியா தடை போட்டிருக்கிறது. நம்ம மாநிலத்திலேயே, உலு பேராக் கெனெரிங்கில், 2022-ல் ஒரு முன்னோடிச் சுரங்கம் தொடங்கியது. அங்கே கல்லை உடைப்பதில்லை. களிமண்ணுக்குள் அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்தி, மண்ணில் ஒட்டியிருக்கும் உலோகத்தைக் கழற்றி எடுக்கிறார்கள். இதில் தோரியம் குறைவு, அது நல்லது. ஆனால் அந்தக் கரைசல் நிலத்தடி நீரில் கலக்காமல் பார்க்க வேண்டும். கிரிக் பக்கமிருந்து வரும் பேராக் ஆறுதான் கோலாகங்சாரைத் தாண்டி ஓடுகிறது.

ஆய்வுக்கூடங்கள் மூன்று வழிகளில் முயல்கின்றன. முதலாவது, டிஸ்புரோசியத்தைக் காந்தம் முழுக்கக் கலக்காமல், அதன் நுண்துகள்களின் ஓரத்தில் மட்டும் பூசுவது. இதை ஆலைகளே இப்போ செய்கின்றன. இரண்டாவது, மறுசுழற்சி. பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் பழைய காந்தத்தை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தார்கள். அது தானாகப் பொடியாக உதிர்கிறது, அந்தப் பொடியிலிருந்து புதுக் காந்தம் செய்யலாம். மூன்றாவது, அரிய மண்ணே இல்லாத காந்தம். இரும்பும் நைட்ரஜனும் சேர்ந்த கலவை, விண்கற்களில் கிடைக்கும் இரும்பு-நிக்கல் கலவை ஆகியவற்றை ஆராய்கிறார்கள்.

6. நாம என்ன செய்யலாம்?

வீடு கட்டக் கடைக்கால் தோண்டும் முன் நாம் பூமி பூஜை செய்கிறோம். தோண்டப் போகிறோம், பொறுத்துக்கொள் என்று கேட்கிறோம். கேட்டால் மட்டும் போதாது. தோண்டியதை எப்படி மூடப்போகிறோம் என்பதும் அந்தப் பூஜையில் சேர்த்திதான்.

நம்மில் சிலர் நாளைக்கு இந்த ஆலைகளில் வேலைக்குப் போவோம். போகவும் வேண்டும், கழிவைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருப்பது நல்லது. அடுத்த முறை அந்தப் பெரியவரைப் பார்க்கும்போது நான் சொல்ல நினைக்கும் பதில்: "ஆமாங்கய்யா, அதே வேலைதான். ஆனா கழிவு எங்கே போகுதுன்னு முதல்ல கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேன்."

வகுப்பில் பேச:

1. உங்கள் வீட்டில் காந்தம் உள்ள பொருள்கள் எத்தனை? கெட்டுப்போனால் அவை எங்கே போகின்றன?

2. புக்கிட் மேராவில் நீங்கள் பொறியாளராக இருந்திருந்தால், முதல் நாளே என்ன கேட்டிருப்பீர்கள்?

3. உங்கள் ஊரில் இப்படி ஓர் ஆலை வருகிறது, 200 பேருக்கு வேலை என்கிறார்கள். எந்த விவரங்கள் கிடைத்தால் சம்மதிப்பீர்கள்?