மூட்டைக்கு ஒரு முகம்: ஓவியரிடம் வேலை கொடுக்கும்போது



கடைக்குப் பெயர்ப் பலகை எழுத ஒருவர், அரிசிப் பை அச்சிட வேறொருவர், பில் புக் அடிக்க மூன்றாமவர் என்றே நம்மில் பெரும்பாலோர் வேலை கொடுத்து வருகிறோம். மூவரும் அவரவர் கைக்கு வந்த எழுத்தில், கையிலிருக்கும் நிறத்தில் முடித்துத் தருகிறார்கள். ஒரே கடைக்கு மூன்று முகம் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் மனதில் ஒன்றும் நிற்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஓவியரை, இன்றைய பேச்சில் டிசைனரை, அமர்த்தி வேலை வாங்குவது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

நம் வட்டாரத்துக்கு இது கூடுதலாகவே தேவை. களம்பூர், ஆரணி, போளூர் பக்கத்து அரிசிப் பை எதை எடுத்தாலும் ஊர்ப் பெயரும் 'பொன்னி' என்ற சொல்லும் கொட்டை எழுத்தில் இருக்கும். ஊரும் நெல் ரகமும் எல்லோருக்கும் பொது. சரக்கின் வகையையும் அது வரும் இடத்தையும் மட்டும் சொல்லும் சொல்லைத் தனியொருவர் பெயரில் பதிவு செய்ய 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே நம் பையை அடுத்தவர் பையிலிருந்து பிரித்துக் காட்டுவது படமும் நிறமும் எழுத்தின் வடிவமும்தான். 19-ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் துணி வணிகர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிகளில் நம் சாமி படங்களை வண்ணச் சீட்டுகளாக ஒட்டி அனுப்பினார்கள். எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குவார் என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் மண்டிக்குப் பை வடிவமைக்க வந்தவர், ஆரணியில் நெசவுக்காகக் கிராஃப் தாளில் பூ வேலையும் கரையும் போட்டுப் பழகியவர். முதல் நாள் அவர் தாளையே எடுக்கவில்லை. குடோனில் மூட்டை தூக்குபவர்களிடம் போய், "இந்த மூட்டைய நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார். "பச்சக் கோடுங்க" என்றார்கள். பையின் ஓரத்தில் நெய்தே வரும் கோடு அது. விலைக்குக் கிடைத்த பையை நாங்கள் வாங்கியிருந்தோம், அவ்வளவுதான். "சேலைக்குக் கரை மாதிரி இது இருக்கட்டும், இதை மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பச்சையைச் சுற்றியே மற்றதை வரைந்தார். பலகைக்கும் பில் புக்குக்கும் அதே கரை வந்தது. அவருக்கு முன் வந்த ஒருவர், நாங்கள் பேசி முடிப்பதற்குள் கம்ப்யூட்டரில் பத்துப் படம் காட்டினார். பத்தும் எந்தக் கடைக்கும் பொருந்தும். கேள்வி கேட்காமல் படம் காட்டுபவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஓவியர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டியவை உண்டு. சரக்கை வாங்குபவர் யார், கடைக்காரரா, வீட்டுப் பெண்களா, ஓட்டல்காரரா? பை எங்கே நிற்கும்? இருட்டுக் குடோனிலா, கடை வாசலிலா? முக்கியமாக, எதில் அச்சாகும்? பிளாஸ்டிக் சாக்கில் எத்தனை நிறமோ அத்தனை பிளாக். செலவும் அதற்கேற்ப ஏறும். நெய்த சாக்கில் மெல்லிய கோடுகள் மை பரவி அடைந்துபோகும். திரையில் மயில் தோகையின் ஒவ்வொரு கண்ணும் தெரியும். சாக்கில் அது நீலத் திட்டு. எனவே ஒரே நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவில் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் அடையாளம் தெரிந்தால் பலகைக்கும் தாங்கும், கைப்பேசித் திரைக்கும் தாங்கும்.

கடைத்தெருவில் எல்லோரும் பார்க்கும் உதாரணம் ஸ்டேட் வங்கியின் நீல வட்டம். ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்து, 1971-இல் வந்தது. ஒரு வட்டம், நடுவே ஒரு சிறு துளை, கீழே ஒரு கோடு. சுவரில் எழுதுபவர்கூடப் பிசகாமல் போட்டுவிடலாம். கைத்தறிச் சேலைகளில் பார்க்கும் கைத்தறி முத்திரையும் அதே நிறுவனத்தின் வேலைதான், 2006-இல் வெளியானது. பாவும் ஊடையும் பின்னிய வடிவம் என்று நெசவாளர் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாமி படம் பற்றி ஒரு சொல். பக்தியோடு போடுகிறோம், சரி. காலிப் பை எங்கே போகிறது? கால் மிதியாகவும் குப்பைக் கூளம் அள்ளவும் போகிறது. வாங்குபவரின் மனம் சங்கடப்படும். சாமி படத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டிக் கொள்வோம்.

வரைந்து வந்ததும் பலர் செய்வது, வீட்டிலும் கடையிலும் ஓட்டெடுப்பு. மைத்துனருக்கு மஞ்சள் வேண்டும், கணக்குப்பிள்ளைக்கு நட்சத்திரம் வேண்டும். எல்லோரையும் திருப்தி செய்த படம் கல்யாணப் பத்திரிகை போல ஆகிவிடும். நம் கடைகளில் விற்கும் அமுல் வெண்ணெயின் புள்ளிச் சட்டைச் சிறுமியைப் பாருங்கள். 1966-இல் சில்வெஸ்டர் டாகுன்ஹாவின் விளம்பர நிறுவனத்துக்காக யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வரைந்தது. விளம்பரங்களைத் தம்மிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டாம் என்று டாக்டர் குரியன் அவர்களிடமே விட்டுவிட்டார். அவ்வளவு பெரிய மனது நமக்கு வராது போகலாம். முடிவு சொல்லும் வாய் ஒன்றாகவாவது இருக்கட்டும்.

இனி காகித வேலை. நாம் பணம் கொடுத்ததாலேயே படம் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். சம்பளத்துக்கு நம்மிடம் இருப்பவர் வரைந்தால் ஒரு கணக்கு; வெளியார் வரைந்தால், எழுதி வாங்காதவரை உரிமை அவருக்கே என்ற வாதத்துக்கு இடமுண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள்தான் செல்லும். ஆகவே 'முழுக் காலத்துக்கும்' என்ற சொல் அந்தத் தாளில் இருக்கட்டும். நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவரின் பைப் படத்தை, நிறத்தை மட்டும் மாற்றி வேறொருவருக்கு அச்சடித்துக் கொடுத்தார் அச்சகத்துக்காரர். கையில் காகிதம் இல்லை. வக்கீல் நோட்டீசோடு விஷயம் நின்றது. இரண்டு பைகளும் இப்போது ஒரே கடையில் அடுத்தடுத்து நிற்கின்றன, சிப்பத்துக்கு 40 ரூபாய் வித்தியாசத்தில்.

சின்னத்தைப் பதிவு செய்ய, தனிநபருக்கும் பதிவு பெற்ற சிறு நிறுவனங்களுக்கும் இணைய வழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் என்று 2017 விதிகள் வைத்தன. அரிசி 30-ஆம் வகுப்பில் வரும். பதிவு 10 ஆண்டுகளுக்கு, பிறகு புதுப்பிக்கலாம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பதிவான பிராண்டு அரிசிக்கு 5 சதவீத வரி, மற்றதற்கு இல்லை என்றார்கள். பல ஆண்டு பழக்கிய பெயரைப் பலர் அப்போது கைவிட்டார்கள். 18-7-2022 முதல் பிராண்டு என்ற பேதம் போய், முன்கூட்டியே அடைத்து லேபிள் இட்ட 25 கிலோ வரையிலான பைக்கு வரி என்று மாறியது. 26 கிலோ பைகள் வந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். பெயரை விட்டவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. படத்தையும் நிறத்தையும் விடாதவர்களைக் கடைக்காரர்கள் அடையாளம் வைத்திருந்தார்கள்.

ஓவியரிடம் வேலையை முடித்து வாங்கும்போது, கைப்பேசியில் அனுப்பும் படத்தோடு திருப்தி அடையாதீர்கள். எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் உடையாத மூலக் கோப்பையும் நிறங்களின் எண்களையும் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் வைத்திருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, அடைத்த மாதம், முகவரி, புகார் தொலைபேசி ஆகியவற்றுக்கு இடம் விடுமாறு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடைசியில் நுழைத்தால் படத்தின் மேல்தான் ஏறும். பழைய பையை ஒரே நாளில் நிறுத்தாமல், முதல் இரண்டு லாட்டுகளில் பழைய மார்க்கைச் சிறிதாகப் புதுப் பையின் மூலையில் அச்சிடலாம். தை மாதத்துக்குப் புதுப் பை வேண்டுவோர் ஆவணியிலேயே ஓவியரைக் குடோனுக்கு அழைப்பது நல்லது. ஐப்பசியில் தீபாவளி வேலை வந்துவிட்டால் அச்சகத்தில் நம் பிளாக்குக்கு இடம் கிடைக்காது.