கல்லூரி மாணவர் குடியிருப்பு

கோடை விடுமுறை கழிந்து கல்லூரிகள் திறக்கும் நாள்களில், திருச்சிராப்பள்ளிச் சந்திப்பு நிலையத்தின் வாயிலில் சற்று நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். கையில் பெட்டியுடன் இளைஞன் ஒருவன் முன்னே வருவான். பாயும் தலையணையும் சுருட்டிக் கட்டிய மூட்டையைத் தோளில் சுமந்து தந்தையார் பின்னே வருவார். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது; கட்டணமும் செலுத்தியாயிற்று. ஆயினும் இருவர் முகத்திலும் கவலை படர்ந்திருக்கும். இன்றிரவு எங்கே தங்குவது என்பதே அக்கவலை. பொழுது சாய்வதற்குள் அவ்விருவரும் மன்னார்புரத்திலோ காஜாமலையிலோ மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பர்.

அவர்கள் அப்பகுதியை நாடுவது ஏன்? மன்னார்புரம் நகரின் நாற்சந்திகளுள் ஒன்று. இரயில் நிலையமும் மத்தியப் பேருந்து நிலையமும் அதற்கு அண்மையில் உள்ளன. 1951-இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியும், 1965-இல் தோன்றிய பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரியும், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகமும் தொலைவில் இல்லை. எனவே அங்கே வீடு கட்டுவோர் பலர் மாணவர்களை எண்ணியே கட்டுகின்றனர்.

கற்க வந்தவனுக்கு உண்டியும் உறையுளும் அளிப்பது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணாக்கர் பயின்ற கல்லூரி ஒன்று இருந்தது. அவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லின் அளவையும் அவ்வூர்க் கல்வெட்டுக் கூறுகின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் தம்மிடம் பாடங்கேட்க வந்த ஏழை மாணாக்கர் பலருக்கு உணவுக்கும் இடத்திற்கும் தாமே வழி செய்தார்கள். இவ்விரண்டிலும் கற்பிப்போரும் தங்குமிடம் தருவோரும் வேறு வேறானவர் அல்லர் என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

பின்னர் வந்த கல்லூரிகளும் அவ்வழியையே பின்பற்றின. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த தூய வளனார் கல்லூரி, தனக்கென விடுதி அமைத்துக்கொண்டது. இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை அங்குத் தங்கிப் பயின்றார். அவருடைய அறையில் உடனிருந்தோர் திருவரங்கத்து ஐயங்கார் ஒருவர். கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவர். இம்மூவரும் தாமாக வீடு தேடி அலைந்திருப்பின், மூவரையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரரை அக்காலத்தில் கண்டிருப்பரோ என்பது ஐயமே. இன்றும் வாடகைக்கு வீடு கேட்பவரிடம் ஊரையும் பெயரையும் கேட்ட பிறகு வேறு எதனையோ அறிய விரும்புவோர் உளர்.

1964-இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றிய இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம், துவாக்குடியை அடுத்துப் பரந்த நிலத்தைப் பெற்று வளாகத்துள்ளேயே விடுதிகளை எழுப்பிக்கொண்டது. நகரின் நடுவே உள்ள கல்லூரிகளுக்கு அத்தகைய வாய்ப்பு ஏது? மாணவர் தொகை பெருகப் பெருக, விடுதியில் இடம் பெறாதோர் ஊருக்குள் சென்றனர். அங்கேதான் தனியார் கட்டடம் எழுகின்றது.

தனியார் கட்டுவது குற்றமன்று. ஆயின், எவ்வாறு கட்டுகின்றனர் என்பதே வினா. குடும்பம் ஒன்றிற்கென அமைந்த, ஒரே குளியலறை கொண்ட அடுக்குமாடி வீட்டை எண்ணிப் பாருங்கள். அதில் நால்வர் வாழ்ந்த இடத்தில் இப்பொழுது எண்மர் தங்குகின்றனர் என்று கொள்வோம். ஒருவர் குளிக்கக் கால் மணி நேரம் எனின், எண்மருக்கும் இரண்டு மணி நேரம் வேண்டும். எட்டரை மணிக்குள் அனைவரும் முடிக்க வேண்டுமாயின், முதல்வன் ஆறரை மணிக்கே நீரை மொள்ளத் தொடங்க வேண்டும்! நீரையும் கணக்கிடுவோம். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு நீர்வழங்கல் திட்டங்களில் கொள்ளும் அளவு. நால்வருக்கு 540 லிட்டர் போதும். எண்மருக்கு 1,080 லிட்டர் ஆகின்றது. 1,000 லிட்டர்த் தொட்டி அன்றைக்கே வறண்டுவிடும். மின்கம்பிகளின் நிலையும் இதுவே. எண்மருடைய கணிப்பொறிகள், கைப்பேசிகள், துணி தேய்க்கும் பெட்டிகள், வெந்நீர்க் கம்பிகள் ஆகிய அனைத்தையும் நால்வருக்கென இழுத்த கம்பி சுமக்கின்றது. சுமை மிகுந்தால் கம்பி சூடேறும், உறை உருகும், தீப்பொறி தோன்றும்.

2024 செப்டம்பர் 12-ஆம் நாள் விடியற்காலையில், மதுரையில் தனியார் மகளிர் விடுதி ஒன்றில் குளிர்பதனப் பெட்டி வெடித்துத் தீப்பற்றியது. உறக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து வெளியேறுமுன் புகை சூழ்ந்துகொண்டது. இருவர் உயிர் நீத்தனர். தீயினும் புகையே விரைந்து கொல்வது. படிக்கட்டு ஒன்றேயாக, அதுவும் குறுகியதாக இருக்குமாயின், புகை மேலேறும் வழியும் மக்கள் கீழிறங்கும் வழியும் ஒன்றாகிவிடும். கட்டி முடித்த வீட்டில் மற்றொரு படிக்கட்டை எங்கே வைப்பது? வரைபடத்தாளில் இருக்கும்பொழுதே அதற்கு இடம் குறிக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2014-இல் தனிச் சட்டம் இயற்றியது. அத்தகைய விடுதியை நடத்துவோர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறுதல் வேண்டும். எனினும், இளைஞர் சிலர் கூடி வாடகைக்கு எடுக்கும் அடுக்குமாடி வீடு அதன் வரம்பினுள் வாராது. வாடகையின் பக்கமும் ஒரு சலுகை பிறந்தது. 2024 சூன் 22-ஆம் நாள் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், கல்வி நிறுவனங்களுக்கு வெளியே உள்ள தங்குமிடங்களில் ஆள் ஒருவருக்கு மாத வாடகை 20,000 ரூபாய்க்கு மேற்படாமலும், தங்கும் காலம் தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமலும் இருப்பின் வரிவிலக்கு அளிக்குமாறு பரிந்துரைத்தது.

இவை யாவும் வீடு எழுந்த பின்னர்ப் பயன்படுவன. கட்டுமுன்னரே கல்லூரி, கட்டுநருடன் எழுத்து வடிவில் உடன்படிக்கை செய்துகொள்ளுதல் இவற்றினும் மேலான வழி என்பது என் கருத்து. கட்டுநர் கடன் வாங்கிக் கட்டுகின்றார். அவருக்குப் பன்னிரண்டு மாதமும் வட்டி ஏறும். மாணவனோ கோடையில் ஊருக்குப் போய்விடுவான். எனவே அறைகள் நிறையும் என்னும் உறுதியை அவர் நாடுகின்றார். அவ்வுறுதியைக் கல்லூரி அளிக்கலாம். அதற்கு ஈடாக, ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை பேருக்கு ஒரு குளியலறை, இரண்டு படிக்கட்டுகள், இவ்வளவுக்கு மேற்படாத வாடகை, சாதி சமயம் கேளாமை ஆகியவற்றைக் கல்லூரி கேட்டுப் பெறலாம்.

இங்கிலாந்தில் இம்முறை பழகிவிட்டது. 1991-இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கிய யுனைட் என்னும் நிறுவனம், மாணவர்க்கென்றே வீடுகள் கட்டிப் பல்கலைக்கழகங்களுடன் உடன்படிக்கை செய்து வளர்ந்தது. அம்முறையிலும் முள் உண்டு. 2020-இல் கொரோனா நோய் பரவி மாணவர் வீடு திரும்பியபொழுது, ஆளில்லாத அறைக்கு வாடகை கொடுப்பவர் யார் என்னும் பூசல் பல நாடுகளில் எழுந்தது. வெற்றறையின் இழப்பில் கட்டுநர் பங்கு எவ்வளவு, கல்லூரியின் பங்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிவிடாவிட்டால், அச்சுமை மாணவனின் முன்பணத்தில் வந்து விழும்.

மன்னார்புரத்து மாடியில் நம் தந்தையார் இப்பொழுது அந்த முன்பணத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கின்றார். மகன் சாளரத்தைத் திறந்து பார்க்கின்றான். சாளரத்தில் இரும்புக் கம்பி அடைத்திருக்கின்றது. “ஐயா, வந்த படியைத் தவிர இறங்க வேறு வழி உண்டா?” என்று வீட்டுக்காரரைக் கேட்கின்றான். அவர் விடை கூறும்வரை தந்தையார் நோட்டுகளைக் கையிலேயே வைத்திருக்கின்றார்.