வெள்ளம் வடிஞ்சு போச்சு, இடுப்பு வலி போகலையே!



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே சேத்தியாத்தோப்புப் பக்கம் நமக்கெல்லாம் ஒரு கண் வெள்ளாற்று மேலதான். நம்ம கடலூர் மாவட்டம் 2004 டிசம்பர் 26-ல் சுனாமியைப் பார்த்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைப் பார்த்தது. 2015-ல் பெருவெள்ளத்தைப் பார்த்தது. பேரிடர் வந்தால் சேதக் கணக்கு எடுப்பார்கள். குடிசை எத்தனை, மாடு எத்தனை, பயிர் எத்தனை ஏக்கர் என்று எழுதுவார்கள். வீட்டை மறுபடி நிமிர்த்துகிற பெண்ணின் இடுப்பு வலி அந்தக் கணக்கில் வராது. நாமும் வாய் திறந்து சொல்வதில்லை. "வேலை செஞ்சா வலிக்கத்தானே செய்யும், இதைப் போய் பேசுவாங்களா?" என்று விட்டுவிடுகிறோம். இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் பேசப்போகிறோம்.

வலி எப்படி வருது?

தண்ணீர் ஏறும்போது பிள்ளையை இடுப்பிலும் அரிசி மூட்டையைத் தலையிலும் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறோம். முகாமில் சிமெண்ட் தரையில் படுக்கிறோம். தண்ணீர் வடிந்ததும் நாள் முழுக்க குனிந்தபடியே சேறு வழிக்கிறோம். லாரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமக்கிறோம். பழக்கமில்லாத பாரம் ஒரே வாரத்தில் வந்து விழுவதால் இடுப்பு, தோள், முழங்கால் தசைகள் நொந்துபோகின்றன.

ஏன் போக மாட்டேங்குது?

இப்படி வரும் தசைவலி பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் பலருக்கு மாதக்கணக்கில் நிற்கிறது. காரணம் பாரம் மட்டுமல்ல. வீடு போன கவலை, கடன், தூக்கமில்லாத இரவு எல்லாம் சேரும்போது உடம்பு சின்ன வலியைக்கூடப் பெரிதாக உணரும். ஜப்பானில் 2011 மார்ச் 11-ல் வந்த சுனாமியில் தப்பியவர்களை மருத்துவர்கள் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தூக்கம் கெட்டவர்களிடமும் மனக்கவலை உள்ளவர்களிடமும் இடுப்பு வலி அதிகம் இருந்தது. அதனால் யாராவது வலி என்றால் "சும்மா சொல்றா" என்று பேசக் கூடாது. அது உண்மையான வலிதான்.

நாம் செய்ய வேண்டியது

1. மூட்டையை ஒரே ஆளாகத் தூக்காதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள், இல்லை இரண்டு பேர் பிடியுங்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழுந்திருங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள்.

2. சேறு அள்ளும்போது பாதிச் சட்டி போதும். அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, வேறு வேலைக்கு மாறுங்கள்.

3. படுத்தே கிடக்க வேண்டாம். ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், பிறகு மெதுவாக நடக்கலாம். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும்.

4. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி முழங்காலை மெல்ல நெஞ்சுப் பக்கம் இழுங்கள். காலுக்குப் பத்து தடவை. வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

5. மெடிக்கலில் சில்லறையாக வலி மாத்திரை வாங்கி தினமும் போடாதீர்கள். வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். கர்ப்பிணிகளும் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க!

வெள்ளத் தண்ணீரில் நடந்த பிறகு காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் கடுமையாக வலித்து, கண் சிவந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 'வேலை செஞ்ச அலுப்பு' என்று இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆரம்பத்திலேயே போனால் மருந்தில் குணமாகும். கால் மரத்துப்போதல், கால் பலமிழத்தல், சிறுநீர் கட்டிக்கொள்ளுதல் அல்லது தானாகப் போதல், கீழே விழுந்தபின் வரும் வலி இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. வலி பல வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, இயன்முறை சிகிச்சை பற்றிக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

* போன மழைக்குப் பிறகு நம் குழுவில் எத்தனை பேருக்கு வலி தொடங்கியது? எத்தனை பேர் வீட்டில் சொன்னார்கள்?
* யார் யாருக்கு ராத்திரி தூக்கமில்லை? என்ன கவலை?
* சேறு எடுக்கும் வேலையில் வீட்டு ஆண்கள் எந்தப் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும்?

வெள்ளத்துக்குப் பிறகு நடக்கும் முதல் கூட்டத்தில், சேமிப்பு வசூலிக்கும் முன் ஊக்குநர் ஒவ்வொருவரையும் "உடம்பு எப்படி இருக்குக்கா?" என்று கேட்க வேண்டும். பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். வீட்டுச் சுவரைப் போல நம்ம உடம்பும் வெள்ளத்தில் சேதமானதுதான். அந்தக் கணக்கை நாமே எழுதத் தொடங்குவோம்.