விமான நிலையத்தைச் சூழ்ந்த நிலமும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

விமான நிலையத்தின் எல்லை அதன் சுற்றுச்சுவருடன் முடிவதில்லை. திருப்பதியை அடுத்த ரேணிகுண்டா இதற்குச் சான்றாகும். முன்னர் சித்தூர் மாவட்டத்திலும், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய இவ்விடத்தில், விமான நிலையத்தின் புதிய கட்டடம் 2015 அக்டோபர் 22ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. ஓடுபாதையை 2,286 மீட்டரிலிருந்து 3,810 மீட்டராக நீட்டும் திட்டமும் மேற்கொள்ளப்பட்டது.

ஓடுபாதை நீளும்பொழுது நிலம் மட்டுமன்றி, அதன் மேலுள்ள வெளியும் தேவைப்படுகின்றது. விமானம் இறங்கும் திசையில், 50 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் உயர்ந்து செல்லும் சாய்தளம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தரை சமமாயின், அது தொடங்குமிடத்திலிருந்து 2,000 மீட்டர் தொலைவில் அதன் உயரம் 40 மீட்டராகும். ஓடுபாதையின் முனை 1,000 மீட்டர் நெருங்கி வந்தால், அதே இடத்தில் உயரம் 20 மீட்டராகக் குறையும். முன்பு இடையூறாக இராத 30 மீட்டர் கோபுரம் இப்பொழுது சாய்தளத்தை ஊடுருவி நிற்கும்.

பறவைகளாலும் விபத்து நேரக்கூடும். ஆகவே, பறவைகளை ஈர்க்கும் வகையில் 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதையும் விலங்குகளை அறுப்பதையும் 1937ஆம் ஆண்டு விமான விதிகள் தடை செய்தன.

கட்டட அனுமதியும் குப்பை அகற்றுதலும் ஸ்தல ஸ்தாபனங்களின் அன்றாடப் பணிகள். உயர வரம்புகளை வண்ணங்களால் காட்டும் வரைபடத்தைப் பார்த்த பின்னரே அவை அனுமதி வழங்குதல் வேண்டும். நிலத்தை இழக்காத உழவரின் வீட்டு உயரமும் கட்டுப்பாட்டுக்கு உட்படலாம். அஸ்திவாரம் இடுமுன்பே அவருக்கு அதனை அறிவிப்பது களப்பணியாளரின் கடமையாகும். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கைத் தம் ஊர் மரங்களையும் கட்டடங்களையும் கொண்டு மாணவர்களுக்கு விளக்கலாம்.