கல்லறைகள் கூறும் வரலாறு: ஆக்ராவின் பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம்

முன்னுரை

இறந்தோரைக் கல் நிறுத்தி நினைப்பது தமிழர்தம் தொன்மையான வழக்கம். காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. இசுலாமியத் தமிழர் கபுறில் நடும் கல்லை மீசான் என்பர். கிறித்தவர் சிலுவை பொறித்த கல்லை நாட்டுவர். பெயர்கள் வேறாயினும் மறவாமை என்னும் நோக்கம் ஒன்றே. இக்கற்கள் வரலாற்றுக்குச் சான்றாவதை ஆக்ரா நகரின் பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

தென்கடலும் ஆக்ராவும்

1542-ஆம் ஆண்டில் நம் தென்பாண்டி முத்துக்குளித்துறைக்கு வந்தவர் பிரான்சிசு சவேரியார். அவருக்குப் பேரன் முறையினரான செரோம் சேவியர் 1595-இல் அக்பரின் அரசவையை அடைந்தார். பாரசீகம் கற்ற அவர், இயேசுவின் வரலாற்றை ‘மிர்ஆத்துல் குத்ஸ்’ என்னும் நூலாக எழுதி 1602-இல் அக்பருக்கு அளித்தார். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் அப்துஸ் ஸத்தார் என்னும் முசுலிம் அறிஞர். சமயத்தால் வேறுபட்ட இருவரை மொழியும் கல்வியும் இணைத்தன. அத்தகைய சூழலில் ஆக்ராவில் கத்தோலிக்கர் குடியிருப்பும், அதனையொட்டி இக்கல்லறைத் தோட்டமும் வளர்ந்தன.

கற்களில் காணும் மாந்தர்

இங்குள்ள மிகப் பழைய நினைவுக் கட்டடங்களுள் ஒன்று, 1611-இல் மறைந்த ஆர்மீனியர் ஒருவரின் கல்லறை மண்டபமாகும். ஜான் மில்டன்ஹால் என்னும் ஆங்கில வணிகர் 1614-இல் அஜ்மீரில் இறந்து இங்கே அடக்கப்பட்டார். இந்தியாவில் அறியப்பட்ட ஆங்கிலேயர் கல்லறைகளுள் இதுவே தொன்மையானது என்பர். அவர் கல்லில் உள்ளதோ போர்த்துக்கீசிய மொழி. அக்காலத்தில் இந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பியரிடையே எம்மொழி செல்வாக்குற்றிருந்தது என்பதற்கு இவ்வொரு கல்லே போதிய சான்று.

இந்தியாவின் நில அமைப்பை விரிவாக எழுதிய தீபென்தாலர் என்னும் சேசுசபைத் துறவி 1785-இல் மறைந்து இங்கே துயில்கின்றார். மராத்தியப் படையில் பணியாற்றி ஆக்ராக் கோட்டையின் தலைவராயிருந்த டச்சுக்காரர் ஜான் ஹெஸ்ஸிங் 1803-இல் இறந்தார். அவருக்குச் செந்நிறக் கல்லால் எழுப்பிய கல்லறை தாஜ்மகாலின் சிறுவடிவம் போன்றது. கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் முகலாயக் கட்டடக்கலை நிற்பதைக் காணுங்கால், கலைக்குச் சமய வேலி இல்லை என்பது தெளிவாகும்.

இன்பமும் துன்பமும்

வரலாறு இனியவற்றை மட்டும் கூறுவதன்று. 1632-இல் ஷாஜகானின் படை ஊக்ளியில் போர்த்துக்கீசியரை வென்றது. சிறைப்பட்டோர் 1633-இல் ஆக்ராவிற்குக் கொண்டுவரப்பட்டனர். சிறையில் மாண்ட பாதிரியாரும் இத்தோட்டத்திலேயே அடக்கமாயினர். அக்பர் அளித்த ஆதரவுக்கும் அவர் பேரன் காலத்துக் கொடுமைக்கும் ஒரே நிலம் சாட்சி பகர்கின்றது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது ஆய்வாளர்க்கு அழகன்று.

சான்றும் கதையும்

வெனிசு நகர அணிகலக் கலைஞர் செரோனிமோ வெரோனியோ 1640-இல் இலாகூரில் இறந்து இங்கே அடக்கப்பட்டார். தாஜ்மகாலை வடிவமைத்தவர் இவரே என்று பயணி ஒருவர் எழுதிவைத்தார். வரலாற்றறிஞர் அதனை ஏற்பதில்லை. அவர் வாழ்ந்ததற்கும் இறந்ததற்கும் கல் சான்றாகும். தாஜ்மகாலைப் படைத்தார் என்பதற்கு அது சான்றாகாது. கல் கூறுவது எது, கல்லைச் சுற்றி எழுந்த கதை எது எனப் பிரித்தறிவதே ஆய்வின் முதற்படி.

நாம் செய்யத்தக்கன

இத்தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆயினும் தாஜ்மகாலைக் காணச் செல்வோருள் மிகச் சிலரே இதனை நாடுகின்றனர். நம் பகுதியிலும் கோயிற் புறங்களிலும் கபுறுஸ்தான்களிலும் தேவாலய வளாகங்களிலும் படிக்கப்படாத கற்கள் உள்ளன. குற்றாலச் சாரலில் கல்லின்மேல் பாசி விரைந்து படரும், எழுத்து மழுங்கும். எழுத்து மறைந்தால் அம்மனிதரைப் பற்றிய ஒரே சான்றும் மறைந்துபோகலாம்.

ஆதலின் மாணவர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். உரியவரிடம் இசைவு பெற்ற பின்னரே உள்ளே செல்க. கல்லை இரும்பால் சுரண்டற்க. சுண்ணாம்போ வண்ணமோ பூசற்க. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் படமெடுப்பின் மழுங்கிய எழுத்தும் நிழலால் புலப்படும். பிழையெனத் தோன்றுவதையும் திருத்தாது உள்ளவாறே படியெடுக்க. ஹிஜ்ரி ஆண்டு கதிரவன் ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது; 100 ஆங்கில ஆண்டுகள் ஏறக்குறைய 103 ஹிஜ்ரி ஆண்டுகளாகும். எனவே ஆண்டுகளை வெறுங்கழித்தலால் மாற்றுதல் பிழையாகும்.

முடிவுரை

யூதர் ஒருவரின் சடலம் தம்மைக் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள் என்பதை நாம் அறிவோம். பிறர் கல்லறையைப் போற்றுவதற்கு இதனினும் வேறு முன்மாதிரி வேண்டுவதில்லை. தென்காசிப் பெருங்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியனும், பிற்காலத்தில் கோயிலுக்குக் குறை நேரின் அதனைச் சீர்செய்து காப்போரை வணங்குவதாகக் கல்லில் பொறித்துவைத்தான். கட்டிய மன்னனே காப்பவரைப் பணிகின்றான். எச்சமயத்தார் கல்லாயினும் அதனைப் படித்துப் பதிந்து காப்போர்க்கு அவ்வணக்கம் உரியது. அதனைப் பெறும் தகுதியை நம் மாணவர் ஈட்டுவாராக.